கோலமாவுக் கோடு

டிசம்பர் 3, புதன்

பிசியோதெரபி செய்யும் தம்பி, தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், வலி இருந்ததா என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறான். அலமாரியில் எழுதாத டைரி ஒன்று கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

தெருமுனை மளிகைக் கடை வரை போய் வந்தேன். வலி இல்லை. வழியில் பார்த்தவர்களெல்லாம் "இப்ப எப்படிங்க்கா இருக்குது?" என்று என் இடுப்பைப் பார்த்து விசாரித்தார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வரியில் அடங்குகிற ஆள் இந்தச் சாரதாமணி இல்லை என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாது.

டிசம்பர் 5, வெள்ளி

பல் டாக்டர் நஸ்ரினிடம் போயிருந்தேன். நம்மை வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் பேசுகிற ரகம். நல்லாங்குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் நடத்துகிறாளாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. குளத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், இஷ்டம். பெரியவர்கள் வந்து உதவ வேண்டுமாம். வாங்க ஆன்ட்டி, உங்களுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றாள்.

எனக்கு என்ன மாறுதல் வேண்டிக் கிடக்கிறது? அதுவும் ஆன்ட்டியாம். மின்வாரிய அலுவலகத்தில் ரிட்டயர் ஆகும் வரை ஆட்களை விரட்டி வேலை வாங்கியவள் நான். விசிலும் ஸ்டாப் வாட்சும் தந்தால் வருகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். வாயில் பஞ்சு இருந்தது. தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் தீபன் பேசினான். செப்டம்பரில் நான் மாடிப்படியில் விழுந்து இடுப்பில் பிளேட் வைத்ததிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டுத்தான். உடுமலையில் தனியாக இருந்தது போதும், வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு. யோசிக்கிறேன் என்றேன். எங்கே யோசித்தேன்?

டிசம்பர் 7, ஞாயிறு

விசில் கிடைக்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது 'கடைசி ஆள்' வேலை. தாமதமாகப் போனதால்தான் அது எனக்கு வந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. மெதுவாக நடப்பவர்தான் இதற்குச் சரி என்று நஸ்ரின் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. பொதுவாகச் சொல்லியிருப்பாள்.

கடைசி ஆள் என்றால், ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னால் வர வேண்டும். எந்தப் பிள்ளையும் "நான் கடைசி" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது; கடைசி எப்போதும் ஒரு பெரியவர்தான். இது அவர்கள் கட்டுத்திட்டம். கன்னிமார் கோயில் முன்னால் ரோட்டின் குறுக்கே கோலமாவில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அங்கேதான் தொடக்கம், அங்கேதான் முடிவு. கரைமேல் நேராக மதகு வரை போய், கீழே இறங்கி, பழைய பழநி ரோட்டில் புளியமரங்களுக்கு அடியில் திரும்பி வர வேண்டும்.

பிள்ளைகள் விட்டால் போதுமென்று பறந்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் மட்டும், ஒன்பது வயசு இருக்கும், பத்தடி ஓடி, பத்தடி நடந்து, நின்று, தண்ணீரில் நீர்க்கோழி பார்த்து வந்தாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "நட கண்ணு, நட கண்ணு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். மதகில் அவள் அப்பா டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தார். "போதும் அம்மிணி, ஏறிக்கோ" என்றார். அவள் வண்டிப் பக்கம் போய் நின்றாள். சரி, இவள் கதை முடிந்தது என்று நான் என்பாட்டில் நடையைக் கட்டினேன்.

கோட்டைத் தாண்டினேன். ஒரு ஆளையாவது முந்திய மாதிரி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கடைசி ஆள் வந்துவிட்டால் ஓட்டம் முடிந்தது என்று அர்த்தமாம். மீதி ஆரஞ்சுப் பழச்சுளைகளை ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தீர்த்தார்கள். பானரைச் சுருட்டினார்கள். ரோட்டில் மாவு மிதிபடக் கூடாது என்று நஸ்ரின் துடைப்பத்தால் கோட்டைப் பெருக்கித் தண்ணீரும் தெளித்தாள்.

மதகிலேயே அவளை வெகுநேரம் உட்கார வைத்திருந்தார் போலிருக்கிறது, அப்புறம்தான் அந்த டிவிஎஸ் வந்தது. கோயிலுக்கு நாலு மரம் தள்ளி வண்டி நின்றது. அந்தப் பெண் இறங்கி, அங்கிருந்து தன் காலால் ஓடி வந்தாள். ஈரமாக இருந்த இடத்தில் நின்று தரையைப் பார்த்தாள்.

"கோடு எங்க டீச்சர்?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் டீச்சர் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் தைரியம் அப்போது எனக்கு வரவில்லை.

நடந்த தூரம்: குளம் முழுக்க. வலி இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

மளிகைக் கடையில் துவரம்பருப்பு, சீரகம், கோலமாவு ஒரு பாக்கெட். வீட்டில் கோலமாவு தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பெயர் சஷ்மிதா. அப்பா பெயர் மயில்சாமி, கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர்.

கிளம்பும்போதே என்னிடம் வந்து, இன்றைக்கும் என்னைத் தாண்டிப் போவீர்களா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். கரையில் இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் நின்று திரும்பிப் பார்த்து, ஆரஞ்சுச் சட்டை பின்னால் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த மரத்துக்கு ஓடினாள். என் அலுவலகத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு கறாராகக் கண்காணித்தது கிடையாது.

மதகில் வழக்கம்போல டிவிஎஸ். மயில்சாமி முதலில் அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஏற்றிக்கொண்டார். இந்தத் தடவை நான் விடவில்லை. அவளைக் கோயிலுக்கு முன்னால் இறக்கிவிடும் இடத்தில் நான் வந்து சேரும் வரை காத்திருக்கச் சொல்லி, அவள் கோட்டைத் தாண்டும் வரை பின்னால் வந்தேன். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. பாதி வண்டியில் வந்தது அவளுக்குத் தெரியாதா என்ன?

டீக்கடையில் மயில்சாமி விஷயத்தைச் சொன்னார். பிறந்தபோதே இருதயத்தில் ஓட்டை. மூன்று வயதில் கோயமுத்தூரில் ஆபரேஷன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடலாம், ஆடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் டாக்டர் எழுதிக் கொடுக்கிறாராம். பிறகென்ன என்று கேட்டேன். டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொல்லிட்டுப் போயிருவாருங்க்கா. ஆபரேஷன் ரூமுக்கு அவளத் தூக்கிட்டுப் போய்க் குடுத்தது நானுங்க."

டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம். என் வாசலில் இந்த வருஷம் ஒன்றும் இல்லை. குனிந்து போட நேரம் இல்லை. கோலமாவுப் பாக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் சும்மா கிடப்பதற்கு அங்கேயாவது இருக்கட்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

மதகைத் தாண்டினாள்! பழநி ரோட்டில் இரண்டாவது புளியமரம் வரை வந்த பிறகுதான் டிவிஎஸ்ஸில் ஏறினாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஓட்டத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு மரம் ஓடு, ஒரு மரம் நட என்பது அவளே கண்டுபிடித்த கணக்கு. வழி நெடுகக் கோழிகளைப் பற்றிப் பேசினாள். நூறு கோழி இருந்தாலும் அதில் ஒன்று மட்டும் வம்புக்காரக் கோழியாக இருக்குமாம். அது என்னை மாதிரி நடக்குமாம்.

புது ஷூ வாங்கினேன். பழையது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் 28, ஞாயிறு

மனசு சரியில்லை.

மூன்றாவது மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். சாப்பிட்டால் ஓட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் எவளோ சொன்னாளாம். உதடு வெளுத்திருந்தது. என்னிடம் இருந்த கடலைமிட்டாயைக் கொடுத்ததும் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் மயில்சாமி வந்து சேர்ந்தார். அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

இனிமேல் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 2, வெள்ளி

முட்டை வாங்கப் போனேன். எங்கள் தெருவிலும் முட்டை கிடைக்கும், ஆனால் பண்ணை முட்டை புதிதாக இருக்கும். பஸ் பிடித்துப் போனேன். மயில்சாமியின் வீடு பண்ணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பட்டினியோடு ஓடியதுதான் காரணம் என்று எடுத்துச் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நினைவுபடுத்தினேன். குரலைக்கூட உயர்த்தினேன், பழக்கதோஷம். மனுஷன் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றார்; ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சஷ்மிதா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"ஓடாட்டி எனக்கு எப்படிப்பா தெரியும், சரியாயிருச்சான்னு?"

மயில்சாமி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு, தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் வரட்டும், அதற்குள் ஒரு தடவை முழுசாக முடித்தால் சரி, இல்லாவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும் என்றார். மதகில் வண்டியோடு நிற்பதை மட்டும் மாற்ற மாட்டாராம். அவர் சொன்ன கெடு ஜனவரி இருபத்தைந்தோடு முடிகிறது. நடுவில் பொங்கல் வேறு.

முட்டையை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஐந்தாவது மரம். பிறகு வண்டி. வலி இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நன்றாக ஓடினாள். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஏழெட்டு மரம் இருந்திருக்கும். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. டிவிஎஸ் கூடவே வந்துகொண்டிருந்தது. மயில்சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஏறிக்கோ என்றுகூடச் சொல்லவில்லை. சஷ்மிதா ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே நின்றாள், ஏறி உட்கார்ந்தாள். அவருக்காகத்தான் ஏறினாள். அவர் முகம் அப்படி இருந்தது.

ராத்திரி தீபன் வீடியோவில் பேசினான். கண்ணுக்குக் கீழே கருவளையம். அலுவலகத்தில் இருக்கும்போது என் போன் அடித்தாலே பயமாக இருக்கிறதாம். குடியரசு தின விடுமுறைக்கு இருபத்து நான்காம் தேதி காரோடு வருகிறானாம், என்னைக் கூட்டிப் போக. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். பொங்கியதா இல்லையா என்று தெரியவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

எல்லோரும் ஊருக்குப் போயிருப்பதால் ஓட்டம் இல்லை. நான் மட்டும் போய்க் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். பழைய பழநி ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிவிட்டது. பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக, வெறுங்காலோடு கூட்டம் கூட்டமாகப் பழநிக்கு நடக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் தூரத்தைக் கடந்துவிட வேண்டுமென்று விடியும் முன்பே இந்த வழியைத் தாண்டிவிடுவார்கள், நம் ஓட்டத்துக்கு இடைஞ்சல் இருக்காது என்று நஸ்ரின் போனில் சொன்னாள்.

வலி இல்லை. மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன், சும்மா.

ஜனவரி 23, வெள்ளி

பரண் மேலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தூசி தட்டத்தான்.

ஜனவரி 24, சனி

தீபன் வந்துவிட்டான். நாளைக் காலையில் எனக்கு வேலை இருக்கிறது, எதுவானாலும் அதற்குப் பிறகு என்றேன். என்ன வேலை என்றான். கடைசியாக வருகிற வேலை என்றேன். டாக்டர் என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜனவரி 25, ஞாயிறு

கை ஓடவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் தீபன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். சஷ்மிதா அதே மஞ்சள் பனியன், இரட்டைச் சடை. சாப்பிட்டாயா என்றேன். மூன்று தோசை என்றாள். மயில்சாமி வண்டியை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போய்விட்டார். நஸ்ரின் விசில் ஊதினாள். (நான் ஊதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

கரைமேல் ஒரு குறையும் இல்லை. மதகில் மயில்சாமி அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். சஷ்மிதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா, நீங்க பின்னாடி வாங்க. பக்கத்துல வராதீங்க. பக்கத்துல வந்தா நான் ஏறிருவேன்."

மயில்சாமிக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். வண்டியை எனக்கும் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டார். இப்படியாக அவள், பின்னால் நான், அதற்கும் பின்னால் உறுமிக்கொண்டு ஒரு டிவிஎஸ் என்று பழநி ரோட்டில் இறங்கினோம்.

இரண்டு மரம் தாண்டியிருப்போம். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரோடு அடைத்துக்கொண்டு பச்சை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கூட்டமாம். வழியில் ஒரு மண்டபத்தில் அன்னதானம் முடித்துவிட்டு வந்ததால் நேரமாகிவிட்டது. முன்னால் ஒரு அம்மாள் முருகன் வேல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து நடக்க, இருநூறு பேருக்குக் குறையாது. நடை என்றால் அப்படி ஒரு நடை. கண் மூடித் திறப்பதற்குள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மஞ்சள் பனியன் பச்சைக்குள் மறைந்துவிட்டது. கடைசி ஆளின் ஒரே வேலை கடைசிக் குழந்தையைக் கண்ணில் வைத்திருப்பதுதான். அதுவே போய்விட்டது.

அப்போது முன்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!" கொஞ்ச நேரம் அமைதி. அடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் அரோகரா. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் ஒரு மரம் ஓடி ஒரு மரம் நடக்கிறாள். அவள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் கூட்டம் கோஷம் போடுகிறது. என்ன, எதற்கு என்று அவர்கள் கேட்டார்களோ, அவள் சொன்னாளோ, தெரியாது. ஒரு சின்னப் பெண் எங்கோ போய்ச் சேர வேண்டுமென்று ஓடுகிறாள் என்பது நடந்தே பழநி போகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அரோகரா ஒவ்வொன்றும் இன்னும் இன்னும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலால் அல்ல.

மயில்சாமி வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கூட்டத்துக்குள் வண்டி நகரவில்லை. "எங்கீங்க்கா, காணமுங்க?" என்றார். காதால் கேளுங்கள், அந்தச் சத்தம் இருக்கும் இடத்தில்தான் அவள் இருக்கிறாள் என்றேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுத்த அரோகரா வந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருநூறு பேர், நானூறு வெறுங்கால்கள். அவளுக்கு முன்னால் போகும் கூட்டம் கோயிலைத் தாண்டும்போது கோலமாவுக் கோட்டில் ஒரு துளி மிஞ்சுமா? மறுபடியும் அவள் வந்து நின்று, கோடு எங்க டீச்சர் என்று கேட்பாளா? பைக்குள் கை விட்டேன். டிசம்பரிலிருந்து தூக்கிக்கொண்டு அலைகிற பாக்கெட் இருந்தது. ஓடிப் போய்ப் போட்டுவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். இரண்டாவது அடி வரவில்லை.

பாக்கெட்டை அவர் கையில் திணித்தேன்.

"உங்களால ஓட முடியும் மயில்சாமி. என்னால முடியாது. அவளுக்கு முன்னாடி போய்க் கோட்டப் போடுங்க."

இந்த வார்த்தைகளை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிசியோதெரபி தம்பியிடம்கூட. மயில்சாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் பாருங்கள், செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. திரும்பி எடுக்கவில்லை.

அதற்கு மேல் நடந்ததைப் பிறகு நஸ்ரின் சொல்லித்தான் தெரியும். மனுஷன் மகளையே தாண்டி ஓடினாராம். நிற்கவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. கோயில் முன்னால் கோடு துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது. பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கோழிக்குத் தீவனம் இறைக்கிற மாதிரி அள்ளி அள்ளி ரோட்டின் குறுக்கே போட்டாராம். கோணல்மாணலாக, ஒரு முழ அகலத்துக்கு. மிச்சமிருந்த பாதிக் கூட்டம் வந்து சேர, முன்னாலேயே கோயிலைத் தாண்டியிருந்த அந்த வேல் பிடித்த அம்மாள் திரும்பி வந்து கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரோட்டின் இரண்டு ஓரமும் ஒதுங்கி வழி விட்டு நின்றார்கள்.

நான் அந்த வழியில் நுழைந்தபோது சஷ்மிதா கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தாண்டு, தாண்டு என்று எல்லோரும் கத்துகிறார்கள். அந்தப் பக்கம் அவள் அப்பா இரண்டு கையும் வெள்ளையாக நிற்கிறார். அவள் அசையவில்லை. பின்னால் திரும்பி, பச்சைக்குள் ஆரஞ்சைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள், சரி வந்துவிட்டீர்கள் என்கிற மாதிரி. அப்புறம் திரும்பி, இரண்டு காலையும் சேர்த்து, ஒரே குதியாகக் கோட்டைத் தாண்டினாள்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. குளத்தில் இருந்த நீர்க்கோழியெல்லாம் எழுந்து பறந்துவிட்டது.

மயில்சாமி அவளைத் தூக்கவில்லை. முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல நெஞ்சில் கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். கையை எடுத்தபோது மஞ்சள் பனியனில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. "என்னப்பா சொல்லுது?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா அடிக்குது அம்மிணி" என்றார். அப்புறம்தான் அழுதார்.

நான் இன்னும் தாண்டவில்லை. ஓட்டம் முடியவில்லை என்று அர்த்தம். தீபன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். நஸ்ரின் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசி ஆள் தன் காலால் வரட்டும் என்றாள். அவன் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றான். பாதயாத்திரைக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்க, நான் நடந்தேன். தாங்கித் தாங்கித்தான் நடந்தேன், இருநூறு பேர் பார்த்தார்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது? கோட்டைத் தாண்டியபோது எனக்கும் ஒரு அரோகரா கிடைத்தது.

இவ்வளவு சந்தோஷமாகக் கடைசியாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் வரவில்லை. நான் எதிலும் முதலாக வரத்தான் ஆசைப்பட்டவள். இன்றைக்குக் கடைசியாக வந்தேன், ஊரே வழி விட்டது.

ஜனவரி 26, திங்கள்

தீபன் காலையில் கிளம்பினான். நேற்று ராத்திரி நிறையப் பேசினோம். முதல் தடவையாக எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆச்சரியம், அதற்குப் பிறகு அவன் பயம் குறைந்துவிட்டது. தெரியாததற்குத்தான் பயந்திருக்கிறான் பிள்ளை. படிக்குக் கைப்பிடி வைக்க ஆள் பேசிவிட்டான். தினமும் ஒரு தடவை நானே கூப்பிட வேண்டும் என்பது அவன் போட்ட ஒப்பந்தம். கிளம்பும் முன் பெட்டியைப் பரண்மேல் ஏற்றச் சொன்னேன். ஏற்றிவிட்டுத்தான் காரை எடுத்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். ஓட்டம் உண்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் உண்டு என்று நானே போன் செய்து சொன்னேன்.

மதகில் மயில்சாமி நின்றார், வண்டி இல்லாமல். நஸ்ரின் அவருக்கும் ஒரு மேல்சட்டை கொடுத்துவிட்டாள். வருகிற பிள்ளைகளையெல்லாம் கை தட்டிக் கீழே ரோட்டுக்கு இறக்கிவிடுவது அவர் வேலை. சஷ்மிதா அதே பனியனைப் போட்டு வந்தாள். கைத்தடம் மங்கலாக இன்னும் இருக்கிறது. துவைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு வாரமாகச் சண்டையாம். இன்றைக்கு அவளுக்குப் பின்னால் ஆறு பேர் வந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை அந்தக் கழுதை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதைவிடப் பெருமை.

கிளம்பும் முன் நஸ்ரின் விசிலையும் ஸ்டாப் வாட்சையும் என்னிடம் நீட்டினாள். இந்த வாரத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்த இடத்து வேலை என்றாள். வேறு யாருக்காவது கொடு என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பையில் புதுக் கோலமாவுப் பாக்கெட் ஒன்று இருக்கிறது.

நடந்த தூரம்: குளம் முழுக்க.

வலி இருக்கிறது.